முதுமைக்கு ஒரு நியமம்

(தசலக்ஷணப் பர்வத்தின் ஒன்பதாம் நாள் மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உத்தம ஆகிஞ்சன்ய நாள். எனதென்று யாதும் இல்லை என்னும் உணர்வைப் போற்றும் நாள். இந்நாளில், முதுமைக்காகப் பொருள் சேர்ப்பது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தபோது தயங்கினேன். பற்றறுத்தலைப் பேச வேண்டிய மேடையில் வைப்புக் கணக்கைப் பேசுவதா என்று மனம் கூசியது. இரண்டு நாள் எண்ணிப் பார்த்தபின், இதனைப் பேச இந்நாளே உரிய நாள் என்று தெளிந்தேன். அத்தெளிவை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே நிற்கிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 2004-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்னரே பணியில் சேர்ந்தவன் ஆதலின், பழைய முறைப்படி எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அதற்காக நான் ஒரு நாளும் கணக்குப் போட்டதில்லை. மாதம் பிறந்தால் பணம் வருகிறது. அது என் முன்யோசனையின் பயன் அன்று. நான் சேர்ந்த காலத்தின் பயன். ஆகவே சேமிப்பைப் பற்றி அறிவுரை கூறும் தகுதி எனக்குக் குறைவு. ஆயினும் என் சிற்றப்பா மகன் ஒருவரைப் பார்த்தபின் பேசாமல் இருக்க இயலவில்லை.

அவர் எனக்கு இரண்டு ஆண்டு இளையவர். பெரிய மார்க்கெட்டுக்கு அருகே சிறியதொரு பாத்திரக் கடை வைத்திருக்கிறார். சூது, குடி என எந்தத் தீய பழக்கமும் இல்லாதவர். நாற்பது ஆண்டு உழைத்தார், சேமிக்கவும் செய்தார். நகையாகச் சேர்த்தார்; மூத்த மகளின் திருமணத்தில் அது சென்றது. சீட்டுக் கட்டினார், இளைய மகளின் திருமணத்தில் அது முடிந்தது. வங்கியில் வைப்பாக இட்டார். மகனின் பொறியியல் படிப்புக்கும் மனைவியின் அறுவை சிகிச்சைக்கும் அது கரைந்தது. இவற்றுள் வீண் செலவு என்று ஒன்றையும் சுட்ட முடியாது. ஆயினும் இன்றும், முழங்கால் வலியோடு, காலை ஒன்பது மணிக்கு அவரே கடைக் கதவைத் தூக்கித் திறக்கிறார். அண்மையில் ஒரு நாள் என்னிடம், "அண்ணா, மாதம் பிறந்தால் உங்களுக்குப் பணம் வருகிறது, எனக்கு வாடகை வருகிறது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்பர்களே, நம் புதுவை ஓய்வூதியத்தை நன்கறிந்த ஊர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய சொல்தாக்களை நாம் சிறுவயது முதல் கண்டிருக்கிறோம். 1954-இல் ஆட்சி கைமாறிய பின்னரும், கடல் கடந்த நாட்டிலிருந்து அவர்களுக்குரிய தொகை தவறாமல் வந்தது. கணவர் மறைந்த பின் மனைவியர்க்கும் வந்தது. அதன் பின் அரசு அலுவலர், ஆசிரியர் என ஓய்வூதியம் பெறுவோர் இவ்வூரில் பெருகினர். இவர்களையே பார்த்துப் பார்த்து, முதுமையில் பணம் வருவது இயல்பு என்னும் மயக்கம் நமக்கு உண்டாகிவிட்டது. கடை வைத்திருப்போர்க்கும், கடையில் வேலை செய்வோர்க்கும், வீட்டிலேயே தைத்தும் சமைத்தும் பொருளீட்டும் பெண்டிர்க்கும் அது இயல்பாக வருவதில்லை. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக இருபது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொருந்துவது. நம்மவர் கடைகளில் பெரும்பாலானவற்றில் ஐவர்கூட இல்லை.

நம் முன்னோர் என்ன செய்தனர் என்று கேட்கலாம். நம்மில் பலர் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து புதுவைக்குக் குடிபெயர்ந்தவர்கள். அங்கே நிலமே ஓய்வூதியமாக இருந்தது. உழ முடியாத வயதில் குத்தகைக்கு விட்டால் நெல் வீடு வந்து சேரும். பிள்ளைகள் அதே வீட்டில் இருந்தனர். மேலும், நிலத்தை எளிதில் விற்க முடியாது. விற்பது இழுக்கு என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணமே நிலத்துக்கு ஒரு பூட்டாக அமைந்தது. நகரத்துக்கு வந்தபோது நிலத்தைப் பணமாக மாற்றினோம். பணத்துக்குப் பூட்டு இல்லை. அன்று முதல், அவசரம் எந்த வழியாக வந்தாலும் நம் சேமிப்பு அந்த வழியாக வெளியேறிவிடுகிறது. என் தம்பியின் நாற்பது ஆண்டு வரலாறு இதுவே. அவர் சேமிக்கத் தவறவில்லை, பூட்டத் தவறினார்.

இங்கேதான் நம் அறம் நமக்குக் கைகொடுக்கிறது. இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. பரிக்ரக பரிமாணம் என்று அதனை வடமொழியில் வழங்குவர். முனிவர்க்கு முற்றத் துறத்தல். இல்லறத்தார்க்கு அளவு வகுத்தல். பரிமாணம் என்றாலே அளவுதான். எனக்கு இவ்வளவு போதும், இதற்கு மேற்பட்டது என்னுடையதன்று என்று வரையறுப்பதே இவ்விரதம். அளவிடாதவன் எவ்வாறு அளவோடு நிற்பான்? தன் முதுமைக்கு எவ்வளவு தேவை என்று அறியாதவன், அச்சத்தால் மேலும் மேலும் சேர்ப்பான்; அல்லது ஒன்றும் சேர்க்காமல் பிறர் கையை எதிர்நோக்குவான். இரண்டும் விரதத்துக்குப் பொருந்தா. வருவாயை நான்கு கூறாக்கி, ஒரு கூற்றைச் சேமநிதியாக வைத்து, ஏனையவற்றைத் தொழிலுக்கும், அறத்துக்கும் துய்ப்புக்கும், தம்மைச் சார்ந்தோர்க்கும் பகுத்தளிக்கும் நெறியைச் சிராவக ஒழுக்கம் பேசிய சான்றோர் எடுத்துக்காட்டியுள்ளனர். நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைப் பேசுவன. வகுப்பறையில் அவற்றைப் பல ஆண்டுகள் நடத்தினேன். இளமை நிலையாது என்பதைத் துறவுக்குரிய செய்தி என்று மட்டுமே மாணவர்க்குச் சொன்னேன். இளமையில் ஈட்டுவதில் ஒரு பகுதியை இளமை கழிந்த நாளுக்கு ஒதுக்கு என்னும் இல்லறச் செய்தியும் அதனுள் அடங்கும் என்று சொல்லத் தவறினேன்.

ஆகவே, முதுமைக்கான கணக்கைச் சேமிப்பு என்று கருதாதீர்கள். நியமம் என்று கருதுங்கள். நியமம் ஏற்றவர் இரவு உண்பதில்லை, பசித்தாலும் உண்பதில்லை. அதுபோல, தேவை வந்தாலும் கைவைக்கக் கூடாத பணம் ஒன்று வேண்டும். அத்தகைய பூட்டுள்ள கணக்குகள் மூன்றினை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதலாவது, மக்கள் வழக்கில் பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதி. 1968 முதல் நடைமுறையில் உள்ளது. அஞ்சலகத்திலும் வங்கியிலும் தொடங்கலாம். ஒருவர் பெயரில் ஒரு கணக்கே இருக்கலாம். கூட்டுக் கணக்கு இல்லை. ஓர் ஆண்டில் குறைந்தது 500 ரூபாய், மிகுதியாக ஒன்றரை இலட்சம் ரூபாய் இடலாம். தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து 15 ஆண்டு நிறைந்ததும் முதிர்வடையும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கொள்ளலாம். வட்டியை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அது நூற்றுக்கு 7.1 என்ற அளவில் இருந்து வருகிறது. வட்டிக்கு வருமான வரி இல்லை. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் நாளுக்கும் மாத இறுதிக்கும் இடையே உள்ள குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடுவர். ஆகையால் 5-ஆம் நாளுக்குள் பணத்தைச் செலுத்திவிடுங்கள். வணிகர்க்கு மற்றொரு பயனும் உண்டு. கடன் கொடுத்தவர் நீதிமன்ற ஆணை பெற்று வந்தாலும் இக்கணக்கிலுள்ள தொகையைப் பற்றுகை செய்ய இயலாது. கடை நொடித்தாலும் முதுமைப் பணம் நிற்கும்.

இரண்டாவது, என்.பி.எஸ். எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டம். 2004-இல் புதிதாகச் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்க்காகத் தொடங்கப்பட்டு, 2009 மே முதல் நாளிலிருந்து குடிமக்கள் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. சேர்ந்ததும் பிரான் எனப்படும் 12 இலக்க எண் ஒன்று தருவர். ஊர் மாறினாலும் வேலை மாறினாலும் அவ்வெண் மாறாது. முதலாம் அடுக்குக் கணக்கே ஓய்வூதியக் கணக்கு. அதை 500 ரூபாயில் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 1,000 ரூபாய் இட வேண்டும். பணம் அரசுக் கடன் பத்திரங்கள், நிறுவனக் கடன் பத்திரங்கள், பங்குகள் ஆகியவற்றில் நாம் தேர்ந்த விகிதத்தில் முதலீடு செய்யப்படும். இன்ன அளவு வளரும் என்ற உறுதி இதில் இல்லை. நெடுங்காலம் வைத்திருப்போர்க்கு வளர்ச்சி மிகுதியாகக் கிடைக்கலாம். சில ஆண்டுகளில் இறங்கவும் செய்யும். 60 வயது நிறைந்தபின் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறலாம். எஞ்சியதைக் கொண்டு, வாழ்நாள் முழுதும் ஓய்வூதியம் தரும் திட்டமொன்றைக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்க வேண்டும். அப்பகுதி நெடுங்காலம் குறைந்தது நூற்றுக்கு 40 என்றிருந்தது. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சேரும் நாளில் நடப்பு விதியைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இத்திட்டம் பற்றி நம்மவர் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. பங்குகளில் இட்டால், மதுவும் புலாலும் தோலும் சார்ந்த தொழிலுக்கு நம் பணம் செல்லாதா? நியாயமான வினா. எந்தெந்த நிறுவனத்தின் பங்கை வாங்க வேண்டும் என்று சந்தாதாரர் சொல்ல இயலாது. ஆனால் பங்குகளே வேண்டா என்று சொல்ல இயலும். முழுத் தொகையையும் அரசுக் கடன் பத்திரங்களில் இடுமாறு தேர்ந்துகொள்ளலாம். வளர்ச்சி சற்றுக் குறையலாம், மனம் உறுத்தாது. எது தமக்கு உகந்தது என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

மூன்றாவது, 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம். 18 முதல் 40 வயது வரை உள்ளவர் சேரலாம். வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் இதில் சேர இயலாது. 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதியான ஓய்வூதியம் கிடைக்கும். சந்தாதாரர் மறைந்தால் வாழ்க்கைத் துணைக்கும் அதே தொகை வரும். இருவரும் மறைந்தபின் திரண்ட தொகை நியமனதாரரைச் சேரும். 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் செலுத்தினால் போதும். 25 வயதில் சேர்ந்தால் 376 ரூபாய். 30 வயதில் 577. 40 வயதில் 1,454. காலம் தாழ்த்துவதன் விலையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் கற்பிக்காது.

பி.பி.எஃப். கணக்கிலும் அதே உண்மையைக் காணலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் தொடக்கத்தில் 12,000 ரூபாய் இடுவதாகக் கொள்வோம்; மாதம் ஆயிரம் ரூபாய் என்ற கணக்கு. வட்டி 7.1 என்றே நிற்பதாகவும் கொள்வோம். 45 வயதில் தொடங்கி 15 ஆண்டு இட்டவர், மொத்தம் 1 இலட்சத்து 80 ஆயிரம் செலுத்தி, ஏறத்தாழ 3 இலட்சத்து 25 ஆயிரம் பெறுவார். 35 வயதில் தொடங்கி, நீட்டிப்பும் செய்து 25 ஆண்டு இட்டவர், 3 இலட்சம் செலுத்தி, ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பெறுவார். கூடுதலாகச் செலுத்தியது 1 இலட்சத்து 20 ஆயிரம். கூடுதலாகப் பெற்றது 5 இலட்சத்துக்குச் சற்றே குறைவு. எஞ்சியதைக் காலம் தந்தது.

இத்தொகையைக் கேட்டு மகிழ்ந்துவிடவும் கூடாது. ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் விலைவாசி உயர்ந்தால், 12 ஆண்டில் விலை இரட்டிக்கும். 24 ஆண்டில் நான்கு மடங்காகும். இன்று மாதம் 25,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு அன்று ஓர் இலட்சம் வேண்டும். 25 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 8 இலட்சத்து 24 ஆயிரம், இன்றைய மதிப்பில் 2 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவே. அடல் திட்டத்தின் 5,000 ரூபாயும் அவ்வாறே சுருங்கும். ஆகையால் ஆயிரம் ரூபாய் என்பது தொடக்கம், அதுவே முடிவன்று. வருவாய் உயரும் ஆண்டெல்லாம் இத்தொகையையும் உயர்த்த வேண்டும்.

இனித் தொடங்கும் முறை. முதலில், ஒரு மாதம் வீட்டுச் செலவை நாள்தோறும் எழுதுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஊர் நம்முடையது. நாம் ஒரு மாதம் எழுதக் கூடாதா? அதுவே உங்கள் பரிமாணத்தின் அடிப்படை. இரண்டாவதாக, மூன்று மாதச் செலவுக்குரிய பணத்தைச் சேமிப்புக் கணக்கில் தனியே வையுங்கள்; மருத்துவக் காப்பீடு எடுங்கள். இவ்விரண்டும் இல்லையேல், முதல் நோயே பூட்டை உடைக்கும். மூன்றாவதாக, ஆதார், பான் அட்டை, நிழற்படம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு அப்பிள்ளையின் பெயர் தாங்கிய ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்துக்கோ உங்கள் வங்கிக்கோ செல்லுங்கள். மூன்று திட்டங்களுள் ஒன்றில் தொடங்கினால் போதும். நான்காவதாக, நியமனதாரர் பெயரைப் பிழையின்றி எழுதுங்கள். கணக்கு உண்டென்பதை இல்லத்தாரிடம் சொல்லுங்கள். ஐந்தாவதாக, மாதத் தொடக்கத்தில் வங்கிக் கணக்கிலிருந்து தொகை தானே செல்லுமாறு எழுதிக் கொடுங்கள். செலவு போக எஞ்சியதைச் சேமிப்போம் என்றால் எஞ்சாது.

சிராவகியர்க்குத் தனியே ஒரு சொல். கணவர் பெயரில் உள்ளது நம் பெயரிலும் உள்ளதுதானே என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும். ஆண்டுக்கு 500 ரூபாயில் தொடங்கினாலும் அது உங்களுடையது.

கடை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உணவு, மருந்து, கல்வி, அபயம் என நால்வகைத் தானங்களை நாம் போற்றுகிறோம். விழா நாள்களில் அன்னதானம் குறைவின்றி நடக்கிறது. அச்சம் நீக்குதல் அல்லவா அபய தானம்? பத்தாண்டாக நம் கடையில் நிற்கும் இளைஞனுக்கு முதுமை பற்றிய அச்சத்தை நீக்குவதும் அத்தானத்தில் சேரும் என்பது என் தாழ்மையான கருத்து.

60 வயதைக் கடந்தோர் மனம் தளர வேண்டா. கையில் உள்ள தொகையை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டால் காலாண்டுதோறும் வட்டி வரும். 30 இலட்சம் வரை இடலாம். என் தம்பிக்கும் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இட என்னிடம் என்ன இருக்கிறது அண்ணா? என் மகனுக்குச் சொல்லுங்கள்" என்றார். மறுவாரம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். உடன் கடைப் பையனும் வந்திருந்தான், வயது 25. மகன் பி.பி.எஃப். கணக்குத் தொடங்கினான். பையன் அடல் திட்டத்தில் சேர்ந்தான். அவனுடைய 376 ரூபாயில் பாதியைத் தாமே தருவதாகத் தம்பி சொன்னார். தமக்கென ஒன்றும் சேர்த்துவைக்காதவர், பிறனொருவன் முதுமைக்குப் பங்கு கொடுக்கிறார். ஆகிஞ்சன்யம் என்பதன் பொருளை நான் நூலில் கற்றேன்; அவர் கடையில் கண்டேன்.

எனினும் அவர் நாளையும் முழங்கால் வலியோடு கதவைத் தூக்குவார். அந்நிலை நம் பிள்ளைகளுக்கு வர வேண்டா. தன் தேவையை அளந்து, அதனை உரிய காலத்தில் ஒதுக்கிப் பூட்டியவனே, மற்றது எனதன்று என்று அச்சமின்றிச் சொல்ல வல்லவன். ஆகையால்தான் இந்நாளில் இதனைப் பேசத் துணிந்தேன். நாளை மறுநாள் பர்வம் நிறைவெய்தியிருக்கும். இளையோர் ஒவ்வொருவரும் அன்றே ஒரு கணக்கைத் தொடங்குவதை இவ்வாண்டின் நியமமாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டி அமைகிறேன்.

அறம் தழைக்க. அனைவரும் நலம் பெறுக. ஜெய் ஜினேந்திரா.